சோறு கிடைக்கும் இடம்: டி. ரி. நைல்ஸ் ஐயர் யார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “‘சோறு கிடைக்கும் இடத்தை ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதுதான் நற்செய்திப் பணி’ என்ற வாசகம் மார்ட்டின் லூதருடையது என்று ஒருவர் சொன்னார். யாழ்ப்பாணத்துப் போதகர் ஒருவருடையது என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? அந்தப் போதகர் யார்?”

இரண்டாமவர் சொன்னதுதான் சரி. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. 1546இல் லூதர் இறந்தபோது அவருடைய கடைசிக் குறிப்பில் “நாம் பிச்சைக்காரர், அது உண்மை” என்று எழுதியிருந்தது. பிச்சைக்காரன் என்ற சொல் பொதுவாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சோற்றையும் இரண்டாவது பிச்சைக்காரனையும் கொண்ட வாசகம் டானியல் தம்பிராஜா நைல்ஸ் என்ற மெதடிஸ்தப் போதகருடையது. 1951இல் வெளியான, நற்செய்திப் பணியைப் பற்றிய அவருடைய ஆங்கில நூலில் அது இருக்கிறது. உலகெங்கும் பிரசங்க மேடைகளில் பெயர் சொல்லாமலே அது எடுத்தாளப்படுகிறது. சொன்னவர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெல்லிப்பழையில் பிறந்தவர் என்பது அங்கே பலருக்குத் தெரியாது. இங்கே நம்மில் பலருக்கும் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1908 மே 4. தெல்லிப்பழை என்றதும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களுக்கு 1816 நினைவுக்கு வரும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் ஐயர் (போதகரை இங்கே ஐயர் என்போம்) வந்து தங்கிய ஊர் அது. குடாநாட்டை அன்று மூன்று மிஷன்கள் பகிர்ந்துகொண்டன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு முதலிய ஊர்கள் அமெரிக்கருக்கு. யாழ்ப்பாணப் பட்டினமும் பருத்தித்துறையும் வெஸ்லியன் மெதடிஸ்தருக்கு. நல்லூர், சுண்டுக்குளி, கோப்பாய் அங்கிலிக்கன் மிஷனுக்கு. கடலுக்கு அப்பால் பணம் கொடுத்துப் பிள்ளையைப் படிப்பித்த அமெரிக்கரின் பெயரை அந்தப் பிள்ளைக்கே வைக்கும் வழக்கமும் அன்று இருந்தது. அதனால்தான் நம் ஊர்ச் சேமக்காலைகளில் சுத்தத் தமிழ்க் குடும்பங்களின் கல்லறைகள்மேல் அமெரிக்கப் பெயர்களைப் பார்க்கிறோம். நைல்ஸ் என்ற பெயரும் அந்தக் காலத்தின் தடம். தம்பிராஜா என்ற பெயரை அவர் கடைசிவரை அதன் அருகிலேயே வைத்திருந்தார். தந்தை சட்டத்தரணி. பாட்டனார் போதகர், தமிழில் ஞானப்பாட்டு எழுதியவர். போதக ஊழியம் அவருக்கு வீட்டுக்குள் இருந்த பழக்கம்.

1929 முதல் 1933 வரை பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் படித்தார். மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வேலை செய்தார். 1936இல் மெதடிஸ்த திருச்சபையில் அபிஷேகம் பெற்றார்.

மெதடிஸ்தப் போதகரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அவருக்கென்று ஓர் ஆலயம் நிரந்தரமாகக் கிடையாது. பல ஆலயங்கள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரங்களுக்கு மேலே சினோட் என்ற திருச்சபை ஆட்சிமன்றம். சில வருடங்களுக்கு ஒருமுறை சினோட் பெயரை வாசிக்கும். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அடுத்த மிஷன் வீட்டுக்குப் போக வேண்டும். ஞாயிறு காலை ஒரு கிராமம், மாலை இன்னொரு கிராமம். இடையில் நோயாளியைச் சந்திப்பது, பாடசாலை முகாமை, கலியாணம், மரண வீடு. நைல்ஸ் ஐயரைப் பற்றி வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் அவரை ஆசியத் தலைவர், இறையியலாளர் என்றெல்லாம் அழைப்பார்கள். தவறில்லை. ஆனால் அவருடைய எழுத்தை வாசிக்கும்போது எனக்குக் கேட்பது சேகரத்துப் போதகரின் குரல்தான். கடினமான சங்கதியைச் சொல்லிவிட்டு உடனே ஒரு சிறு உவமைக்கு இறங்குவார். பின்வரிசையில் இருக்கும் கிழவிக்கும் விளங்கவேண்டும் என்ற கவலை அவருடைய ஆங்கிலத்திலும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியாது. பட்டினத்தில் மெதடிஸ்தர் நடத்திய ஆங்கிலப் பாடசாலைதான் பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஆனது. ஆறுமுக நாவலர் படித்ததும் படிப்பித்ததும் அங்கேதான். மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவல் ஐயரோடு அவர் வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த உழைப்பினூடே கிறிஸ்தவ வேதத்தை வரிவரியாக அறிந்த நாவலர் 1848இல் அங்கிருந்து விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். “எங்களிடம் ஏற்கெனவே இருப்பது உங்களுக்குத் தெரியுமா?” என்பது அவர் மிஷனைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று சுருக்கிச் சொல்லலாம். அதற்கு அன்றைய மிஷனரிகளிடம் நல்ல பதில் இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். நூறு வருடங்களுக்குப் பிறகு, 1950களில், அதே மத்திய கல்லூரிக்கு நைல்ஸ் ஐயர் அதிபராக இருந்தார். பட்டினத்தின் பரிசுத்த பேதுரு ஆலயத்துக்கும் அவரே போதகர். நாவலர் கேட்ட கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அதற்கு முகங்கொடுத்த முதல் யாழ்ப்பாணத்துப் போதகர்களில் அவரையும் வைக்கிறேன்.

அவர் அதற்கு எப்படி முகங்கொடுத்தார் என்பதை ஒரு சம்பவம் காட்டுகிறது.

1935. நைல்ஸ் இருபத்தேழு வயது இளைஞர். கார்ல் பார்த் அன்று ஐரோப்பாவின் ஆகப்பெரிய புரட்டஸ்தாந்து இறையியலாளர். அவருடைய எழுத்தில் நைல்ஸுக்கும் பெரிய ஈடுபாடு. இருவரும் முதல்முறை சந்திக்கிறார்கள். பேச்சினிடையே பார்த், மற்ற மதங்கள் யாவும் அவிசுவாசமே என்கிறார். நைல்ஸ் கேட்கிறார்: “நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள்?” “ஒருவரையும் இல்லை.” “அப்படியானால் இந்து சமயம் அவிசுவாசம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” பார்த் சொன்ன பதில், அது பார்க்காமலே, முன்கூட்டியே தெரிந்த உண்மை என்பது. தலையை அசைத்துப் புன்னகைத்ததாக நைல்ஸ் எழுதுகிறார். 1968 டிசம்பரில் பார்த் இறந்த பின் எழுதிய நினைவுக் குறிப்பில் இது வருகிறது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவர் அதை மறக்கவில்லை.

சுவிற்சர்லாந்துப் பேராசிரியர் ஒருவருக்கு அப்படி ஒரு பதில் சொல்ல முடியும். தெல்லிப்பழையில் பிறந்தவருக்கு முடியாது. நம் ஊரில் வேலிக்கு அந்தப் பக்கம் சைவ வீடு. கதியாலுக்கு மேலால் பலகாரமும் கறியும் போய்வரும். ஒரே வமிசத்தில் ஒரு கிளை ஆலயத்துக்கும் மறு கிளை கோயிலுக்கும் போகும். தேர்த் திருவிழாவன்று மேளச் சத்தம் ஆராதனைக்குள் கேட்கும். சைவம் என்றால் அவருக்கு நூலில் வாசித்த கொள்கை மட்டுமல்ல. விடியற்காலை கிணற்றடியில் திருநீறு பூசி நின்று தேவாரம் பாடுகிற அயலவர்.

அதற்காக அவர் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கிறிஸ்துவை அறிவிக்க வேண்டும் என்பதில் அவருக்குக் கடைசிவரை தளர்வில்லை. அவர் சொன்னது வேறு: மிஷனரி போய்ச் சேருவதற்கு முன்பே கிறிஸ்து அந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார். போதகர் அவரைக் கொண்டு போவதில்லை. அங்கே இருக்கிறவரைக் கண்டு சுட்டிக்காட்டுகிறார். 1938 டிசம்பரில் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் நடந்த சர்வதேச மிஷன் மாநாட்டில், ஹென்றிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர், நற்செய்திக்கும் மற்ற மதங்களுக்கும் இடையே பாலம் இல்லை என்ற வாதத்தை முன்வைத்தார். இந்தியச் சிந்தனையாளர் சிலர் அதை வன்மையாக எதிர்த்தார்கள். முப்பது வயதில், ஆக இளைய பிரதிநிதிகளில் ஒருவராக நைல்ஸ் அங்கே இருந்தார். இரண்டு பக்கத்திலும் அவர் முழுதாகச் சேரவில்லை. கொள்கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ஆளைப் பார், எதிரே இருப்பவர் ஒரு மனிதர் என்பதே அவர் பின்னாளில் எழுதியவற்றின் சாரம். பௌத்தர்களுக்காக எழுதிய நூலிலும், அநிச்ச (நிலையாமை), அநாத்ம (ஆன்மா இன்மை), சரண (அடைக்கலம்) என்ற அவர்களுடைய சொற்களைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

இப்போது பிச்சைக்காரன் வாசகத்துக்குத் திரும்புவோம். அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதன் தொடர்ச்சியில், கிறிஸ்தவன் தன் செல்வத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, அவனிடம் செல்வமே இல்லை, அவன் எசமானின் பந்தியில் இருக்கும் விருந்தாளி மட்டுமே, அங்கிருந்துதான் மற்றவரையும் அழைக்கிறான் என்கிறார்.

இதை யாழ்ப்பாணத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். மிஷன் இங்கே வந்தது பாடசாலையோடு, ஆசுப்பத்திரியோடு, அச்சுக்கூடத்தோடு, உத்தியோகத்தோடு. கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. மதம் மாறியவர்களைச் ‘சோற்றுக்காகப் போனவர்கள்’ என்று அயலவர் ஏசியதும் உண்டு. அந்த ஏச்சு நாலாம் தலைமுறைக் கிறிஸ்தவனின் காதிலும் விழும். என் காதிலும் விழுந்திருக்கிறது. நைல்ஸ் ஐயர் அதே சோற்றை எடுத்து வைக்கிறார். ஆமாம், சோறுதான், நானும் பிச்சைக்காரன்தான், ஆனால் அது என் சோறும் அல்ல, மிஷனின் சோறும் அல்ல என்கிறார். அவர் இதை மனதில் வைத்தே எழுதினார் என்று நான் நிரூபிக்க முடியாது. இது என் வாசிப்பு. ஆனால் கொடையாளியாக இருந்து பழகிய நாட்டுப் போதகருக்கு இப்படி ஒரு உவமை தோன்றியிருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

அவருடையதாகச் சொல்லப்படும் இன்னொரு உவமை பூச்சாடி. மிஷனரிகள் நற்செய்தி என்ற விதையை மட்டும் கொண்டுவரவில்லை. தங்கள் நாட்டில் வளர்ந்த செடியைச் சாடியோடு கொண்டுவந்தார்கள். சாடியை உடைத்து, விதையை எடுத்து, நம் மண்ணில் போட வேண்டும் என்பது. செம்பாட்டு மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

சாடியை உடைப்பது என்று மேடையில் பேசுவது எளிது. அவர் உண்மையில் உடைத்துப் பார்த்த இடம் பாட்டு. கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டுக்காக அவர் தொகுப்பாசிரியராக இருந்து 1963இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் பிரதி ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. சிறுவயதில் அதைத் திறந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆலயத்தில் நாங்கள் பாடிய மெட்டுகளில் பாதி இங்கிலாந்துடையவை, மீதி நம் கீர்த்தனைகள். இதிலோ சீனம், யப்பான், பிலிப்பைன்ஸ், பர்மா, தமிழ் என்று மெட்டுகள். நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள் அவரே எழுதியவை. பிற மொழிப் பாட்டுகளின் நேர் அர்த்தத்தைக் கேட்டு வாங்கி, அந்தந்த மெட்டுக்குள் ஆங்கிலச் சொல் அமைத்துக் கொடுத்தவையும் பல.

அவற்றில் ஒன்று பஞ்சாபி மெட்டில் அமைந்தது. அடிகள் ஆங்கிலம். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் பல்லவி மட்டும் “சரணம், சரணம், சரணம்”. அந்தச் சொல்லை அவர் மொழிபெயர்க்கவில்லை. “எனக்கு எட்டாத உயரமான கன்மலையில் என்னைக் கொண்டுபோய்விடும்” என்று நம் வேதாகமத்தில் இருக்கும் 61ஆம் சங்கீதத்தின் கருத்துத்தான் பாட்டின் உள்ளே ஓடுகிறது. அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்தர் 1989இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்திலும் அது இடம்பெற்றது. சைவரும் பௌத்தரும் ஒவ்வொரு நாளும் வாயால் சொல்லும் அந்தச் சொல்லை எங்கோ ஒரு அமெரிக்க ஊரில் ஞாயிறு காலை சபை எழுந்து நின்று பாடுகிறது. டானியல் பூவர் ஐயர் கப்பலேறி வந்த நாட்டுக்கு ஒரு சொல் திரும்பிப் போயிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு குறையும் உண்டு. ஆசிய மெட்டுகள் பலவற்றுக்கு மேற்கத்திய முறையில் நான்கு குரல் சேர்த்துவிட்டார்கள். ஒற்றை மெட்டாக நின்றிருந்தால் அழகாக இருந்திருக்கும் என்று பின்னாளில் இசை அறிந்தவர்கள் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சாடியின் ஒரு துண்டு வேரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

உலக அரங்கில் அவர் வகித்த பதவிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1948 ஓகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவானபோது தொடக்க ஆராதனையில் பேசியவர்கள் இருவர்: எண்பத்து மூன்று வயது அமெரிக்க மிஷன் தலைவர் ஜோன் மொட், நாற்பது வயது நைல்ஸ். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழு மாதம்கூட முடியவில்லை. பின்பு மன்றத்தின் இளைஞர் பகுதி, நற்செய்திப் பகுதி இரண்டிலும் பொறுப்பு. இந்தோனேசியாவின் பிராப்பாற்றில் 1957இல் தீர்மானிக்கப்பட்டு 1959இல் கோலாலம்பூரில் தொடங்கிய கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் முதல் பொதுச் செயலாளர் அவரே. இன்று அதன் பெயர் ஆசியக் கிறிஸ்தவ மாநாடு. ஆசியத் திருச்சபைகள் அதுவரை லண்டனோடும் நியூயோர்க்கோடும்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. பக்கத்து நாட்டுச் சபையைத் தெரியாது. அந்த நிலையை மாற்றியதுதான் அவருடைய நிர்வாகப் பணிகளில் ஆகப்பெரியது. இவ்வளவுக்கும் இடையில் அவர் வெளிநாட்டில் குடியேறிவிடவில்லை. போய் வந்தார், இலங்கைத் திருச்சபையின் பொறுப்புகளைக் கைவிடவில்லை. 1968இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைவரானார்.

அதே வருடம் ஸ்வீடனின் உப்சாலாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் நான்காவது பேரவை. தொடக்கப் பிரசங்கம் மார்ட்டின் லூதர் கிங் செய்வதாக இருந்தது. ஏப்ரல் 4இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூலை 4 அன்று, அந்தப் பிரசங்க மேடையில் ஏறியவர் நைல்ஸ் ஐயர். பேரவையின் கருப்பொருள் வெளிப்படுத்தின விசேஷத்தின் வசனம்: “இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்.” கொல்லப்பட்ட ஒருவரின் இடத்தில் நின்றுகொண்டு அந்த வசனத்தைப் பேசுவது எவ்வளவு பாரம் என்று போதக ஊழியம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மன்றத்தின் தலைவர்களில் ஒருவராகவும் அந்தப் பேரவையில் தெரிவானார்.

நிறைவேறாமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். சபைகளின் ஐக்கியம் அவருடைய நீண்ட நாள் ஆசை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாக, அதாவது ஒரு பேராயரின் ஆட்சிப் பகுதியாக, சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் முதல் பேராயரானார். இலங்கை மெதடிஸ்தர் சேரவில்லை. இலங்கையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து முதலிய சபைகளை ஒன்றாக்கும் தனித் திட்டம் 1940 முதல் பேசப்பட்டுவந்தது. அதற்காக அவர் ஓயாமல் எழுதினார், வாதாடினார். திட்டம் கைகூடும் தறுவாயில், 1972இல், வழக்கு ஒன்றால் நின்றுபோனது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 1970 ஜூலை 17 அன்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையில், அறுபத்திரண்டு வயதில் அவர் காலமாகியிருந்தார். அவருடைய பிள்ளைகளில் பிரேமன் நைல்ஸ் இறையியலாளராக அறியப்பட்டவர். பின்னாளில் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் நீதிக்கும் சமாதானத்துக்குமான பணியை முன்னெடுத்தவர்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த வாசகத்தை யாராவது லூதருடையது என்று சொன்னால், பெயரைத் திருத்துவதோடு நிற்காமல் பந்தியையும் விருந்தாளியையும் சேர்த்து முழுதாகச் சொல்லுங்கள். தெல்லிப்பழைப் பக்கம் போனால் அமெரிக்க மிஷன் வழிவந்த பழைய ஆலயத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வெயில் ஏறுமுன் போவது நல்லது.